நண்பர்களோடு சேர்ந்து மாரத்தான் ஓடலாமா? கூட்டமாக ஓடுவதில் பலம் என்ன, ஆபத்து எங்கே?

மார்கழி அதிகாலை 4 மணி. தெருவில் கோலம் போட ஆள் வருவதற்கு முன்பே, சென்னை நேப்பியர் பாலம் அருகே ஆயிரக்கணக்கானோர் ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரி மாதத் தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானில் இது வழக்கமான காட்சி. இவர்களுக்காகவே சில ஆண்டுகளில் மெட்ரோ ரயில் அதிகாலை 3 மணிக்கே ஓடத் தொடங்கியிருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் பலரும் தனி ஆளாக வருவதில்லை. ஆபீஸ் டீம், காலேஜ் செட், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் என ஒரு பட்டாளமாகத்தான் வருகிறார்கள். "நீ பேர் கொடுத்தா நானும் கொடுக்குறேன் மச்சி" என்று ஆரம்பித்த விஷயம், சில மாதங்களில் 10 கிலோமீட்டரிலோ, 21 கிலோமீட்டரிலோ, 42 கிலோமீட்டரிலோ வந்து நிற்கிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் மாரத்தான் களத்தில் அவ்வப்போது நடக்கும் உயிரிழப்புச் செய்திகள் ஒரு கேள்வியையும் எழுப்புகின்றன. நண்பர்களோடு ஓடுவது பாதுகாப்பா, ஆபத்தா? இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. எது எப்போது என்பதுதான் விஷயம்.

எல்லா ஓட்டமும் மாரத்தான் இல்லை

நம் ஊரில் 3 கிலோமீட்டர் விழிப்புணர்வு ஓட்டத்தையும் மாரத்தான் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. அதில் பாதி, அதாவது 21.1 கி.மீ., அரை மாரத்தான். 5 கி.மீ., 10 கி.மீ. எல்லாம் தனிப் பிரிவுகள்.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் மாரத்தான் நடந்தபோது தூரம் சுமார் 40 கி.மீ. தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி பாதை அமைத்தார்கள். அப்போது வந்த கணக்குதான் 42.195. 1921-ல் அதுவே நிரந்தரமானது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? 10 கிலோமீட்டருக்கு இரண்டு, மூன்று மாதப் பயிற்சி போதலாம். முழு மாரத்தானுக்கு, ஏற்கெனவே ஓடிப் பழகியவருக்கே 16 முதல் 20 வாரம் தேவை என்பதுதான் பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. "ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஃபுல் போறாங்க, நானும் போறேன்" என்பது உடம்புக்குத் தெரியாது.

நகர மாரத்தானே நட்பில் பிறந்ததுதான்

1970-ல் நியூயார்க்கில் முதல் மாரத்தான் நடந்தபோது களத்தில் இறங்கியவர்கள் 127 பேர். சென்ட்ரல் பார்க் பூங்காவையே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். முடித்தவர்கள் 55 பேர் மட்டுமே. 1976-ல் அந்த ஓட்டம் பூங்காவை விட்டு வெளியே வந்து, நகரத்தின் ஐந்து பெரும் பகுதிகளையும் தொட்டுச் சென்றது. நடு ரோட்டில், கடை வாசல்களைத் தாண்டி சாதாரண மக்கள் ஓடும் இன்றைய வடிவம் பரவ அது பெரிய காரணம்.

1979-ல் அந்த ஓட்டத்தில் கலந்துகொள்ள லண்டனில் இருந்து இரண்டு நண்பர்கள் போனார்கள். கிறிஸ் பிராஷர், ஜான் டிஸ்லி. இருவருமே ஒலிம்பிக் தடை ஓட்ட வீரர்கள். "இது நம்ம ஊரிலும் நடக்கணும்" என்ற எண்ணத்தோடு திரும்பி, 1981 மார்ச் 29-ல் முதல் லண்டன் மாரத்தானை நடத்திக் காட்டினார்கள். 6,255 பேர் ஓடி முடித்தார்கள். முதல் இடம் யாருக்கு? அமெரிக்காவின் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேயின் இங்கே சிமோன்சனும் கையைப் பிடித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார்கள். இருவருமே வெற்றியாளர்கள்.

பிராஷருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1954-ல் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடி வரலாறு படைத்தபோது, முதல் பாதியில் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தவர் இவர்தான். 2019-ல் வியன்னாவில் கென்யாவின் எலியட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோதும், 40-க்கும் மேற்பட்ட வீரர்கள் மாறி மாறி அவரைச் சூழ்ந்து ஓடினார்கள். சாதனைப் பட்டியலில் அது சேராது. ஆனால் உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரருக்கும் துணை தேவைப்பட்டது.

நண்பர் ஓடினால் நாமும் ஓடுவோமா?

ஓடுவோம் என்கிறது ஆய்வு. உலகம் முழுக்க சுமார் 11 லட்சம் ஓட்டக்காரர்களின் 5 ஆண்டுத் தரவுகளை வைத்து 2017-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நண்பர்கள் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால், அதன் தாக்கத்தில் நாமும் 300 மீட்டர் வரை கூடுதலாக ஓடுகிறோம் என்பது அதன் முடிவு.

அதில் இன்னொரு சுவாரசியம். நம்மைவிட அதிகம் ஓடுபவரைவிட, நம்மைவிடக் குறைவாக ஓடுபவர்தான் நம்மை அதிகம் தூண்டுகிறார். "அவனே ஓடுறான், நான் ஓட மாட்டேனா?" என்ற மனநிலைதான் காரணம்.

சென்னையில் இதன் பலன் கண்ணுக்கே தெரிகிறது. 2006-ல் சிறு குழுவாகத் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் அமைப்பு, இன்று நகரின் பல பகுதிகளில் கிளைகளாகப் பிரிந்து பயிற்சி செய்கிறது. 2012-ல் இருந்து சென்னை மாரத்தானை நடத்துவதும் இவர்கள்தான். டைப் 1 சர்க்கரை நோய் பாதித்த குழந்தைகளின் சிகிச்சைக்கு இதன்மூலம் நிதி திரட்டுகிறார்கள். சென்னையின் இன்னொரு குழுவான ட்ரீம் ரன்னர்ஸ் நடத்தும் அரை மாரத்தான், செயற்கைக் கால்களுக்காக நிதி சேர்க்கிறது. அரசியலில் மா.சுப்பிரமணியன் 100-க்கும் அதிகமான மாரத்தான் ஓட்டங்களில் பங்கேற்றவர். விபத்தில் முழங்கால் பாதிக்கப்பட்ட பிறகும் அவர் ஓடத் தொடங்கியது பலருக்கும் தெரிந்த கதை.

பெண்களுக்குக் குழுவின் பலன் இன்னும் நேரடியானது. காலை 4.30 மணிக்கு வெளிச்சம் இல்லாத ரோட்டில் தனியாக ஓடத் தயங்குபவர், நான்கு பேர் கூட இருந்தால் கிளம்பிவிடுகிறார்.

ஆக, பயிற்சிக் காலத்தில் நண்பர்கள் மிகப் பெரிய பலம். அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கலாம். கீழே வண்டியில் வந்து ஹாரன் அடிக்கிற நண்பனை அணைக்க முடியாது.

அப்போ சிக்கல் எங்கே?

ஓட்ட நாளில். அதுவும் முதல் 10 கிலோமீட்டரில்.

ஓட்டக்காரர்கள் வேகத்தை ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிடுவார்கள். பேச்சு வழக்கில் 'பேஸ்'. ஒருவர் 6 நிமிடம், இன்னொருவர் 7 நிமிடம் என்றால் கேட்க சின்ன வித்தியாசம்தான். கணக்கைப் பாருங்கள்:

- 10 கி.மீ.: 6 நிமிட பேஸில் 1 மணி நேரம், 7 நிமிட பேஸில் 1 மணி 10 நிமிடம்
- அரை மாரத்தான்: 6 நிமிட பேஸில் 2 மணி 7 நிமிடம், 7 நிமிட பேஸில் 2 மணி 28 நிமிடம்
- முழு மாரத்தான்: 6 நிமிட பேஸில் 4 மணி 13 நிமிடம், 7 நிமிட பேஸில் 4 மணி 55 நிமிடம்

முழு மாரத்தானில் இருவருக்கும் இடையே 42 நிமிட வித்தியாசம். இந்த இருவரும் தோளோடு தோள் ஓட வேண்டும் என்றால், ஒருவர் தன் உடம்புக்குப் பழகாத வேகத்தில் ஓடியாக வேண்டும். பெரும்பாலும் அப்படி ஓடுவது மெதுவாக ஓடுபவர்தான். கேட்டால் "பரவால்ல, சமாளிச்சுக்கலாம்" என்பார். தொடக்கத்தில் கூட்டம், மைக், இசை எல்லாம் சேர்ந்து மூச்சு வாங்குவதே தெரியாது.

விளைவு பின்னால் வரும். நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து, பெரும்பாலானவர்களுக்கு 30 கி.மீ. வாக்கில் தீர்ந்துபோகிறது. இதைத்தான் 'சுவரில் மோதுவது' என்கிறார்கள். ஆரம்பத்தில் வேகமாக ஓடினால் இந்தச் சேமிப்பு இன்னும் சீக்கிரம் கரையும். கால் கல்லாகும், தலை சுற்றும், அடுத்த அடி வைக்க மனசு வராது.

தன் வேகத்தைத் தெரிந்துகொள்ள வாட்ச் கூடத் தேவையில்லை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? சரியான வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா? அது உங்கள் வேகம் இல்லை, உங்கள் நண்பரின் வேகம்.

உயிரிழப்பு எவ்வளவு அரிது? எண்கள் சொல்வது என்ன?

2023 ஜூலையில் மதுரையில் நடந்த ரத்ததான விழிப்புணர்வு மாரத்தானில் பங்கேற்ற 20 வயது கல்லூரி மாணவர் ஒருவர், ஓடி முடித்து சிறிது நேரத்தில் உடல்நிலை பாதிக்கப்பட்டு, அரசு ராஜாஜி மருத்துவமனையில் உயிரிழந்தார். 2024 ஜனவரியில் மும்பை மாரத்தானில் இரண்டு பேர் இறந்தார்கள். இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் "ஓடுறதே ஆபத்து" என்ற பேச்சு கிளம்புகிறது.

ஆனால் பெரிய அளவிலான தரவு வேறு கோணத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை முழு, அரை மாரத்தான் ஓடிய 1.09 கோடி பேரை ஆராய்ந்ததில், 59 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது. அவர்களில் 42 பேர் இறந்தனர். அதே ஆய்வின் அடுத்த கட்டம் 2025-ல் வெளியானது. 2010 முதல் 2023 வரை 2.93 கோடி பேரில் 176 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது.

அதாவது இரண்டு காலகட்டத்திலும் ஒரு லட்சம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு. அரை மாரத்தானைவிட முழு மாரத்தானிலும், பெண்களைவிட ஆண்களுக்கும் ஆபத்து அதிகம்.

கவனிக்க வேண்டியது அடுத்த எண். இதயம் நிற்கும் விகிதம் கிட்டத்தட்ட மாறவில்லை. ஆனால் இறப்பு விகிதம் பாதியாகிவிட்டது. முன்பு இதயம் நின்ற 10 பேரில் 7 பேர் இறந்தார்கள். இப்போது 3 பேர் அளவில் இறக்கிறார்கள். மனித இதயம் மாறவில்லை. விழுந்தவருக்கு உடனே நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுப்பதும், இதயத்தை மீண்டும் இயக்கும் ஏஇடி கருவி பக்கத்திலேயே இருப்பதும் அதிகரித்ததே முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதயத் துடிப்பு நின்றவருக்கு உதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. நெரிசலான பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர 5 நிமிடம் ஆகலாம். பக்கத்தில் ஓடும் நண்பருக்கு 5 விநாடி போதும். ஆகவே சேர்ந்து ஓடும் குழுவில் எல்லோரும் சிபிஆர் கற்றுக்கொள்வதுதான், விலை உயர்ந்த ஷூவைவிட முக்கியமான முதலீடு.

அடிப்படை இதுதான்: கூப்பிட்டுப் பார்த்தும் அசைவு இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-க்கும் அருகில் உள்ள மருத்துவக் குழுவுக்கும் தகவல் சொல்ல வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. முறையான பயிற்சி அரை நாளில் முடிந்துவிடும்.

சென்னை வெயில் மட்டுமல்ல, ஈரப்பதமும் எதிரி

ஜனவரி அதிகாலையில் சென்னையில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். இதமாகத்தான் தெரியும். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சொட்டும், காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகும்போது சூரியனும் ஏறிவிட்டால், உடலுக்குள் சூடு சேர்ந்துகொண்டே போகும்.

ஒருவர் தள்ளாடி ஓடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் அது வெப்பத் தாக்குதலின் அறிகுறியாக இருக்கலாம். இதை அவரால் கண்டுபிடிக்க முடியாது. கூட ஓடுபவர்தான் கவனிக்க முடியும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்க குளிர்ந்த நீர், ஐஸ் என எது கிடைத்தாலும் வைத்து சூட்டைக் குறைக்க வேண்டும். மருத்துவக் குழு வரட்டும் என்று சும்மா காத்திருக்கக் கூடாது.

"அப்போ தண்ணியை நல்லா குடிச்சுக்கிட்டே ஓடலாம்ல?" அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்து, ஓடும்போதே எடை கூடியவர்கள்தான் இதில் அதிகம் சிக்கினார்கள். 4 மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். எனவே ஒவ்வொரு ஸ்டாலிலும் நண்பர் நீட்டுகிறார் என்பதற்காகக் குடிக்காமல், தாகத்துக்குக் குடிப்பதே சரி. நீண்ட தூரத்துக்கு வெறும் தண்ணீரோடு உப்புச் சத்துள்ள பானமும் தேவை.

ஓடும் முன் "கால் வலிக்காம இருக்கட்டும்" என்று வலி மாத்திரை போடுவதும் சில குழுக்களில் பழக்கமாகிவிட்டது. நீர்ச்சத்து குறையும் நேரத்தில் இது சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும். மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது.

நண்பரின் பிப் நம்பரில் ஓடலாமா?

"எனக்கு ஆபீஸ் வேலை வந்துடுச்சுடா, என் பிப்பைப் போட்டுக்கிட்டு நீ ஓடு" என்பது ஒவ்வொரு மாரத்தானிலும் நடப்பது. கட்டிய காசு வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எண் வெறும் எண் இல்லை. பதிவு செய்தவரின் வயது, ரத்த வகை, அவசரத் தொடர்பு எண் எல்லாம் அதோடு இணைந்திருக்கும். சர்க்கரை நோயோ, மருந்து ஒவ்வாமையோ இருந்தால் அதைக் குறிப்பிடவும் பல போட்டிகளில் இடம் உண்டு.

மயங்கி விழுந்தவர் வேறொருவரின் பிப்பில் இருந்தால், மருத்துவக் குழு தவறான ஆளின் விவரத்தைப் பார்க்கும். தவறான வீட்டுக்கு போன் போகும். பெரும்பாலான போட்டிகளில் இது விதிமீறலும்கூட. பெயர் மாற்ற வசதி இருந்தால் கடைசித் தேதிக்குள் முறைப்படி மாற்றலாம். இல்லாவிட்டால் அந்தக் காசை மறந்துவிடுவதே மலிவு.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

40 வயதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள், ஓடும்போது ஒருமுறையாவது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தவர்கள். இவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் அந்த வார ஓட்டம் வேண்டாம். வைரஸ் காய்ச்சல் சில நேரம் இதயத் தசையையும் பாதிக்கும். "எல்லாரும் டி-ஷர்ட் வாங்கியாச்சு" என்பது காய்ச்சலோடு ஓடக் காரணம் ஆகாது.

ரோடு யாருக்கு?

மாரத்தான் நாளில் காமராஜர் சாலை தொடங்கி பல இடங்களில் போக்குவரத்து மாற்றம் செய்யப்படுகிறது. பால் வண்டி, மருத்துவமனைக்குப் போகும் குடும்பம், காலை ஷிஃப்ட் தொழிலாளி எல்லோரும் சுற்றிப் போகிறார்கள். நகரம் தரும் இந்த இடத்துக்குப் பதில் மரியாதை, காலி கப்பை ரோட்டில் வீசாமல் தொட்டியில் போடுவதும், ஐந்து பேர் வரிசையாகப் பாதையை அடைத்து ஓடாமல் இருப்பதும்தான். பின்னால் வருபவருக்கு வழி வேண்டும். ஒரு அவசர வண்டிக்கும் வழி வேண்டும்.

பயிற்சி நாட்களில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. வண்டிகள் ஓடும் சாலையில் விடியும் முன் ஓடும் குழுக்கள், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில், ஒளிரும் பட்டை அணிந்து, ஹெட்போன் இல்லாமல் ஓடுவது அவசியம்.

கிளம்புவதற்கு முன் நண்பர்கள் பேசி முடிவு செய்ய வேண்டியவை

- ஒன்றாக ஓடுவதா, ஒன்றாகத் தொடங்குவதா? ஒன்றாக ஓடுவதென்றால் குழுவில் மிக மெதுவானவரின் பேஸ்தான் எல்லோருக்கும் பேஸ். அது முடியாதென்றால் தொடக்கக் கோட்டிலேயே "நீ போ, முடியுற இடத்துல பார்க்கலாம்" என்று சொல்லிவிடலாம். அதில் யாருக்கும் வருத்தம் வேண்டாம்.
- யாரோடு யார்? பெரிய குழுவை ஒரே வேகம் கொண்ட இரண்டிரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் நின்றால் மற்றவருக்குத் தெரிய வேண்டும்.
- உடல்நலம் பற்றி மறைக்காமல் சொல்லியாச்சா? மாத்திரை, ஒவ்வாமை, பழைய பிரச்சினை. கூட ஓடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
- எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவோம்? நெஞ்சு அழுத்தம், மயக்கம், குழப்பம், நிற்காத வாந்தி. இதில் ஒன்று வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. இதில் வாக்குவாதம் கிடையாது என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.
- முடித்த பிறகு எங்கே சந்திப்பது? கோட்டைத் தாண்டியதும் அப்படியே உட்காராமல் மெதுவாக நடக்க வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் யாரும் தனியாக பைக் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. மதுரை மாணவருக்கு பாதிப்பு வந்தது ஓடி முடித்த பிறகுதான்.

பதக்கம் ஓடி முடித்த எல்லோருக்கும் ஒரே பதக்கம்தான், 4 மணி நேரத்தில் வந்தாலும் 6 மணி நேரத்தில் வந்தாலும். பாதியில் நிறுத்தியவருக்கு அது கிடைக்காது. ஆனால் சென்னை மாரத்தான் அடுத்த ஜனவரியிலும் வரும். "போதும்டா, நிறுத்திடலாம்" என்று தைரியமாகச் சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் ஓடினால், அந்த ஜனவரிக்கும் சேர்த்தே பெயர் கொடுக்கலாம்.